வெள்ளிக்கிழமை இரவும் ஒரு பத்தாம் வகுப்புப் பையனும்

டல்லாஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் நவம்பர் பாதிக்கு மேல் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். முடிவெட்டும் கடையில், டாக்கோ வாங்கும் வரிசையில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில்கூட. உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பிளேஆஃபுக்கு, அதாவது தோற்றால் வெளியேறும் சுற்றுகளுக்கு, போய்விட்டது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தாங்குவானா?

இந்த வருஷம் அந்தக் கேள்வி வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் முதல் குவார்ட்டர்பேக் வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்தில் தோளில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் இடத்தில் இறங்கியவன் பத்தாம் வகுப்புப் பையன். பதினாறு வயது. அவன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். இணையத்தில் அவனைத் தேடுகிறவர்களுக்கு என் பங்குக்கு இன்னொரு பக்கம் கிடைக்க வேண்டாம்.

நான் இந்த ஆட்டத்துக்குள் வந்தது மகளின் கிளாரினெட் வழியாக. இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் அப்படித்தான் வந்து சேர்கின்றன. பிள்ளை ஆறாம் வகுப்பில் பேண்டில் சேரும், ஒன்பதாம் வகுப்பில் மார்ச்சிங் பேண்ட், அப்புறம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டேடியம். இடைவேளையில் பிள்ளைகள் வாசிப்பதைப் பார்க்க மட்டும் போனவர்கள் மெல்ல முதல் பாதிக்கும் சேர்த்துப் போகத் தொடங்குகிறோம். முறை வைத்து நாச்சோவும் ஹாட் சாக்லேட்டும் விற்கிறோம். ஒரு கட்டத்தில் நமக்கும் ஆட்டம் பிடிபட்டுவிடுகிறது. பிடிபட்டதும் நமக்கும் கருத்து வந்துவிடுகிறது.

டெக்சாஸில் பள்ளி ஃபுட்பால் எவ்வளவு பெரிது என்று சொல்ல ஆலன் நகரம் ஒன்றே போதும். 2012-இல் அந்த ஊர்ப் பள்ளிக்காக 6 கோடி டாலர் செலவில் 18,000 இருக்கைகளோடு ஒரு ஸ்டேடியம் திறந்தார்கள். கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-இல் அதை மூட வேண்டி வந்தது, 2015-இல் மறுபடி திறந்தார்கள். 2013-இல் ஆலனும் பேர்லேண்டும் மோதிய மாநில இறுதி ஆட்டத்துக்கு ஆர்லிங்டனின் ஏடி அண்ட் டி ஸ்டேடியத்தில் கூடியவர்கள் 54,347 பேர். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு! அன்று ஆலனின் குவார்ட்டர்பேக் கைலர் மர்ரி. பதினொன்றாம் வகுப்பு, அவனுக்கும் வயது பதினாறுதான்.

இந்தப் போட்டிகளை நடத்துவது யுஐஎல் என்ற அமைப்பு. பெரிய பள்ளிகளின் பிரிவு 6ஏ. சில பள்ளிகளைச் சேர்த்து ஒரு டிஸ்ட்ரிக்ட், அதில் முதல் நான்கு இடம் பிடிப்பவை பிளேஆஃபுக்குப் போகும். ஆறு சுற்று, ஒன்றில் தோற்றாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பட்டம் வெல்கிற அணி மொத்தம் பதினாறு ஆட்டம் ஆடியிருக்கும். மூன்றாவது சுற்று தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலும் பண்டிகை வாரத்தில் வரும். அந்த வியாழக்கிழமை காலையில் ஊரே வான்கோழியை ஓவனில் வைத்துக்கொண்டிருக்கும்போது, நம் பையன்கள் மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தால் அது ஊருக்கே ஒரு கௌரவம். "தேங்க்ஸ்கிவிங் அன்னிக்குப் பிராக்டிஸ் பண்றோமா?" என்பதுதான் இங்கே ஒரு சீசனை அளக்கும் கோல்.

அந்தப் பையன் மேல் விழுந்தது இந்த எதிர்பார்ப்புதான். அவன் ஆடாத சீசனில் மற்றவர்கள் சேர்த்து வைத்தது.

குவார்ட்டர்பேக்கின் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரங்கில் பேசுகிற பலரும் இதை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் எல்லைக் கோட்டிலிருந்து பயிற்சியாளர்கள் கையசைத்தும் படம் வரைந்த அட்டைகளைத் தூக்கிக் காட்டியும் எந்த உத்தி என்று சொல்வார்கள். பையன் அதைப் படித்து, மணிக்கட்டில் கட்டியிருக்கும் பொடி எழுத்துப் பட்டியலில் பார்த்து, மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எதிரணி எப்படி நிற்கிறது, யார் பாய்ந்து வரப் போகிறார்கள் என்று ஊகிக்க வேண்டும். இதெல்லாம் நாற்பது விநாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது. பந்து கைக்கு வந்ததும் சிந்திக்கக் கிடைப்பது மூன்று விநாடி, பல நேரம் அதுவும் இல்லை. எதிரே நூற்றுப் பத்து கிலோ உடம்புகள் அவனைச் சாய்க்கவே ஓடி வருகின்றன. இதற்கு நடுவே அவன் பள்ளி மாணவனும்கூட. 1984-இல் வந்த மாநிலச் சட்டப்படி பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆட முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருந்தால் எழுதிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

முதல் சுற்று சுலபமாக முடிந்தது. எதிரணி வலுவில்லாதது, பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் நம் ரன்னிங் பேக்கே ஓடி ஓடி ஜெயித்துக் கொடுத்துவிட்டான். குவார்ட்டர்பேக் பந்தைக் கைமாற்றிக் கொடுத்ததோடு சரி. அரங்கில் அன்று அவனைப் பற்றி நல்ல வார்த்தைதான். "கேம் மேனேஜர்", அதாவது ஆட்டத்தைக் கெடுக்காமல் நடத்திக் கொடுப்பவன் என்றார்கள், பாராட்டாகவே.

இரண்டாவது சுற்றில் பேச்சு மாறியது. பிளேஆஃப் ஆட்டங்களைப் பெரும்பாலும் இரண்டு ஊருக்கும் பொதுவான ஓர் அரங்கில் வைப்பார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். மதியம்வரை வெயில், மாலையில் திடீரென்று வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கிவிட்டது. டெக்சாஸில் இருக்கிறவர்களுக்கு அந்தக் காற்று தெரியும், ஒரு மணி நேரத்தில் ஜாக்கெட் இல்லாமல் உட்கார முடியாது. கிளாரினெட் பிள்ளைகள் விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள். மழையும் தூறியது. முதல் கால்பகுதியிலேயே பையன் எறிந்த பந்து வழுக்கி உயரப் போய், எதிரணிக்காரன் கையில் விழுந்தது.

எனக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்று, "அவனுக்குக் கை சின்னது, ஈரப் பந்து பிடிபடாது" என்றார். இன்னொருவர், "ஹேப்பி ஃபீட், கால் ஒரு இடத்தில் நிக்கல, பயந்துட்டான்." மூன்றாமவர் உயரத்தைச் சொன்னார். ஐந்தடி பத்து அங்குலம்தானாம், இன்னும் வளருவானா என்று அவன் அப்பாவைப் பார்த்தால் தெரியுமாம். அடிபட்ட பன்னிரண்டாம் வகுப்புப் பையனையே ஊசி போட்டாவது இறக்கியிருக்கலாம் என்றார் ஒருவர். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் காதுபடவே நிறத்தையும் உயரத்தையும் பேசுவார்களே, அப்படித்தான் எனக்குக் கேட்டது. என் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண், அவள் மகன் டிரம்ஸ் வாசிக்கிறான், என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அந்தப் பையனோட அம்மா நமக்கு ரெண்டு வரிசை முன்னாடிதான் உக்காந்திருக்காங்க."

அந்த அம்மா திரும்பவில்லை. கேட்டிருக்காமல் இருக்க வாய்ப்பே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது. அப்படிப் பேசியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த "கை சின்னது"காரர் எங்கள் பேண்டின் டிரெய்லர் சக்கரம் பழுதானபோது தானாக வந்து சரிசெய்து கொடுத்தவர். பிள்ளைகளை ஆறு வயது லீகிலிருந்து எண்ணோடு நினைவு வைத்திருப்பவர். ஊர்மேல் அவ்வளவு பாசம். அந்தப் பாசம்தான் அவரை அப்படிக் கத்த வைக்கிறது. ஆனால் பாசம் என்பதால் பதினாறு வயதுப் பையனின் உடம்பை அவன் அம்மா காதுபட அளந்து பேசலாம் என்று ஆகிவிடாது.

அந்த இன்டர்செப்ஷனுக்கு அப்புறம் நடந்ததை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன். அடுத்த தடவை பந்து நமக்கு வந்ததும் பையன் நீளமாக எதையும் முயலவில்லை. ஐந்து கஜம், நான்கு கஜம், மறுபடி ஐந்து கஜம் என்று பக்கத்தில் இருப்பவனுக்கே கொடுத்துக்கொண்டு போனான். ஒரு முறை யாரும் தோதாக நிற்கவில்லை, பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தான். அதற்கு அரங்கில் யாரும் கைதட்டவில்லை. என்னைக் கேட்டால் அன்று அவன் செய்த நல்ல காரியங்களில் அது முதலாவது. தவறு செய்த பையன் அடுத்த முறை அதை ஈடுகட்டப் பெரிதாக ஒன்றைச் செய்யப் பார்ப்பான், அது இன்னொரு தவறில் முடியும். இவன் ஆசையை அடக்கினான். இந்த வயதில் ஒரு குவார்ட்டர்பேக்கிடம் பார்க்க வேண்டியது அந்த அடுத்த வாய்ப்பைத்தான். நான்காம் கால்பகுதியில் அதே பொறுமையோடு ஆடி மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். தேங்க்ஸ்கிவிங் காலையில் பயிற்சி நடந்தது. ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே போனார்கள்.

அந்த வாரம் பேச்சு அப்படியே தலைகீழாகத் திரும்பியது. இப்போது அவன் கல்லூரிக்கு எங்கே போவான் என்று ஆரம்பித்துவிட்டார்கள். எந்தக் கோச் அவனைப் பார்க்க வந்தார், எத்தனை ஆஃபர், எத்தனை ஸ்டார். இங்கே பள்ளிப் பையன்களுக்கு நட்சத்திரம் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்து நட்சத்திரம் என்றால் அபூர்வம், மூன்று என்றால் பரவாயில்லை. இந்தப் பேச்சு திட்டுவதைவிட இனிமையானது, ஆனால் பையனுக்கு அதைவிடப் பாரமானது என்று நான் நினைக்கிறேன். இரண்டு ஆட்டம் ஆடியவனுக்குப் பத்து வருஷத்தை ஊர் எழுதிவைத்துவிடுகிறது.

டெக்சாஸின் சொந்த வரலாற்றைப் பார்த்தாலே இந்தக் கணிப்புகளின் லட்சணம் தெரியும். ஆஸ்டினில் வெஸ்ட்லேக் பள்ளியில் ஆடிய டுரூ பிரீஸுக்கு 1995 பிளேஆஃபில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த வருஷம் திரும்பி வந்து 16 ஆட்டமும் ஜெயித்து மாநிலப் பட்டம் வாங்கினார். அப்படியும் அவரைக் கூப்பிட்ட பெரிய கல்லூரிகள் கென்டக்கியும் பர்டியூவும் மட்டும்தான், ஆறடி உயரம்தான் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். 2010-இல் அவர் தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் ஜெயித்தார். ஒயிட்ஹவுஸ் என்ற சின்ன ஊரில் ஆடிய பேட்ரிக் மஹோம்ஸுக்குப் போட்டது மூன்று நட்சத்திரம். இன்று அவரிடம் மூன்று சூப்பர் பௌல் மோதிரங்கள். அதே வெஸ்ட்லேக்கில் படித்த நிக் ஃபோல்ஸ் 2006-இல் மாநில இறுதி ஆட்டத்தில் சவுத்லேக் கேரல் பள்ளியிடம் தோற்றார். அன்று ஜெயித்த கேரலின் குவார்ட்டர்பேக் கிரெக் மெக்எல்ராய் பின்னால் அலபாமா கல்லூரிக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார், தோற்ற ஃபோல்ஸ் 2018-இல் சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த 2006 இரவில் அரங்கில் இருந்தவர்களில் யாரால் இதைச் சொல்லியிருக்க முடியும்?

குவின் யூவர்ஸ் கதை இன்னும் சமீபம். சவுத்லேக் கேரலின் அந்தப் பையனுக்கு மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று முழு மதிப்பெண்ணே போட்டது, 1.000. கொரோனாவால் தள்ளிப்போன சீசனின் இறுதி ஆட்டம் 2021 ஜனவரியில் நடந்தது. கேரலின் கோச் ரைலி டாட்ஜ், எதிரே வெஸ்ட்லேக்கின் கோச் அவருடைய அப்பா டாட் டாட்ஜ். கேட் கிளப்னிக் என்ற பதினொன்றாம் வகுப்புப் பையனை வைத்து அப்பா 52-34 என்று ஜெயித்தார். சில மாதங்களில் யூவர்ஸ் பள்ளியின் கடைசி வருஷத்தையே விட்டுவிட்டு ஒஹாயோ ஸ்டேட் கல்லூரிக்குப் போய்விட்டார். தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அப்போதுதான் அனுமதி வந்திருந்தது, டெக்சாஸில் பள்ளி மாணவனுக்கு அந்த அனுமதி இல்லை. அவர் எடுத்தது நியாயமான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. பெரியவர்கள் அவரை வைத்து எத்தனையோ வழிகளில் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறி நன்றாகவே ஆடினார். தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2025-இல், ஏழாவது சுற்றில், 231-ஆவது ஆளாகத்தான் அவர் பெயர் வந்தது. முழு மதிப்பெண் வாங்கியதில் அவர் தவறு என்ன இருக்கிறது? போட்டவர்கள் போட்டார்கள்.

ஆலனின் கைலர் மர்ரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நம்ம பையன் அடுத்த கைலர்" என்று அந்த வாரம் பலர் வாயில் வந்தது. மர்ரி முதன்மைக் குவார்ட்டர்பேக்காக இறங்கிய 42 ஆட்டமும் ஜெயித்தவர். மூன்று மாநிலப் பட்டம், 2018-இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மேன் விருது, 2019 டிராஃப்டில் முதல் ஆள். டெக்சாஸ் பள்ளிகளில் அப்படி இன்னொருவர் வந்ததில்லை. வராத ஒன்றைப் பத்தாம் வகுப்புப் பையனின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவது அவனுக்குச் செய்கிற பெருமையா?

மூன்றாவது சுற்று, தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள். நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, எதிரணிக் கோட்டுக்கு இருபது கஜம். பந்தோடு அந்தக் கோட்டைக் கடந்து ஆறு புள்ளி எடுக்கும் டச்டவுன் ஒன்று வேண்டும். பந்து வந்தது, இடப்பக்கம் இரண்டு பேர் பாய்ந்தார்கள், பையன் அவசரமாகக் குறுக்கே எறிந்தான். எறிந்த இடத்தில் நம் ஆளே இல்லை. எதிரணியின் பின்வரிசை ஆட்டக்காரன் அலுங்காமல் பிடித்துக்கொண்டான். சீசன் முடிந்தது. தலைகுனிந்து மைதானத்தைவிட்டுப் போன அவனை அரங்கில் எல்லோரும் பார்த்தோம். "யாருமில்லாத இடத்தில் எறிகிறான், கண்ணை மூடிக்கிட்டு எறிஞ்சிருக்கான்" என்று பார்க்கிங் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

மறுநாள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஆட்டத்தின் வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினார். எழுபதை நெருங்குகிறவர். மேற்கு டெக்சாஸில் சின்ன ஊர்ப் பள்ளியில் சென்டராக ஆடியவர், அதாவது குனிந்து பந்தைக் குவார்ட்டர்பேக்கிடம் தள்ளிவிட்டு அந்த நொடியே எதிராளியைத் தடுக்க வேண்டியவர். அவர் பந்தைப் பார்ப்பதே இல்லை. முன்வரிசை ஐந்து பேரை மட்டும் பார்க்கிறார். நிறுத்தி நிறுத்திக் காட்டினார். எதிரணியில் இரண்டு பேர் ஒரே இடைவெளி வழியாக வருகிறார்கள். சென்டருக்கு இடப்பக்கம் நிற்கும் நம் இடது கார்டு வெளியே வந்தவனைப் பிடிக்கிறான். உள்ளே வந்தவனைப் பிடிக்க வேண்டிய ரன்னிங் பேக் வலப்பக்கம் போய்விட்டான். ஆக, ஒருவன் தடையே இல்லாமல் குவார்ட்டர்பேக் மேல் வருகிறான்.

"இப்ப பையன் என்ன செய்யணும்?" என்று என்னைக் கேட்டார். அவரே சொன்னார். பாய்ந்து வருகிறவன் விட்டுவந்த இடம் காலியாக இருக்கும். அந்த இடத்துக்குள் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் திரும்பி வர வேண்டும், குவார்ட்டர்பேக் பார்க்காமலேயே அங்கே எறிய வேண்டும். இரண்டு பேரும் ஒரே நொடியில் ஒரே முடிவை எடுத்தால்தான் அது நடக்கும். "ஹாட்" என்பார்கள் அதை. பையன் பாய்ச்சலைப் பார்த்தான், கற்றுக்கொடுத்தபடியே எறிந்தான். ரிசீவர் பார்க்கவில்லை, நேராக ஓடிவிட்டான். வீடியோவில் அது தெள்ளத் தெளிவாக இருந்தது. பந்து போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம். அங்கே வந்திருக்க வேண்டியவன்தான் வரவில்லை.

உடனே ரிசீவரைத் திட்ட வேண்டும் என்று இதை எழுதவில்லை. அவனும் பதினேழு வயதுப் பையன்தான். இரைச்சலில் ரன்னிங் பேக்குக்குத் தடுப்பு மாற்றம் கேட்காமல் போயிருக்கலாம். பதினொரு பேரின் காரியம் அது, அதில் ஏதோ ஒரு கண்ணி விட்டுப்போனது. அரங்கில் பந்தைப் பார்ப்பவர்களுக்குப் பந்தை எறிந்தவன் மட்டும்தான் தெரிகிறான். நன்றாக நடந்தால் அவனுக்கு மாலை, கெட்டுப்போனால் அவன் தலையில் பழி. இரண்டுமே ஆட்டத்தைச் சரியாகப் பார்க்காததன் விளைவு. அதிலும் பிளேஆஃபில் நாளை என்று ஒன்று இல்லாததால், கடைசியாகக் கண்ணில் பட்டதுதான் அந்தப் பையனைப் பற்றிய ஊரின் தீர்ப்பாக அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் நிற்கிறது. ஒரு பையனைப் பற்றித் தெரிந்துகொள்ள மூன்று ஆட்டம் மிகவும் குறைவு.

பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேசுகிறவர்கள் அரங்கில் இன்னும் வேண்டும் என்பது என் ஆசை. பேசாமல் இருங்கள் என்று யாரிடமும் கேட்க மாட்டேன். இந்த ஊரில் நானும் ஒருத்தி ஆனது இந்தப் பேச்சு வழியாகத்தான். ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசுவோம், யார் எங்கே நிற்க வேண்டியிருந்தது, கோச் ஏன் அந்த நேரத்தில் அந்த உத்தியைச் சொன்னார் என்று இரவு முழுக்கச் சண்டை போடலாம். கோச் சம்பளம் வாங்குகிறவர், பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பையனின் கை அளவும் அப்பாவின் உயரமும் பயந்தானா இல்லையா என்பதும் நம் பேச்சுக்குள் வர வேண்டியதில்லை.

இப்போது ஊரில் அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது. அவன் வேறு பள்ளிக்கு மாறிவிடுவானாம், பெரிய ரிசீவர்கள் இருக்கும் இடமாகப் பார்க்கிறார்களாம். யுஐஎல் விதிப்படி ஆட்டத்துக்காக மட்டும் பள்ளி மாறினால் ஒரு வருஷம் பள்ளியின் முதல் அணியில் ஆட முடியாது. அதுகூடத் தெரியாமல்தான் பலர் பேசுகிறார்கள். அவன் வீட்டில் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. மகள் சொல்கிறாள், அவன் தினமும் ஸ்கூல் முடிந்ததும் வெயிட் ரூமில்தான் இருக்கிறானாம், அந்த ரிசீவரோடு.

டிசம்பர் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தபோது அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் குவார்ட்டர்பேக்கைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. முன்வரிசை ஐந்து பேரில் மூன்று பேர் மே மாதம் பள்ளி முடித்துப் போகிறார்கள், அதில் இடது ஓரத்தில் நின்று தடுக்கும் இடது டேக்கிளும் ஒருவன் என்றார். ஒன்பதாம் வகுப்பு அணியில் நல்ல உயரமான பையன் ஒருவன் இருக்கிறான், ஆனால் கால் இன்னும் வேகம் பிடிக்கவில்லை, வசந்தகாலப் பயிற்சியில் அவனைத்தான் போய்ப் பார்க்கப் போகிறாராம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.